சிலைக்கு ஓர் உறை

பூமிக்குச் சட்டை தைத்துப் போட்டவர் என்று நான் ஒருவரைத்தான் கண்டிருக்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர்.

திருவனந்தபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது நான் பூகோளம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓணம் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் என் மேஜைமேல் இருந்த உலக உருண்டையைக் காணவில்லை. அந்த இடத்தில் நீலப் பூப்போட்ட துணிக்குள் ஏதோ ஒன்று குண்டாக உட்கார்ந்திருந்தது. உச்சியில் நாடா கோத்து அழகாக முடிச்சும் போட்டிருந்தது. யாரோ பூசணிக்காய்க்கு அலங்காரம் பண்ணியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"தூசி அடையுது பிள்ளே," என்றார் தையல் டீச்சர். "அதுவுமில்லாம, தொறந்து கெடந்தா எவனும் கை வெப்பான்."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் வாயிலிருந்து நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். தண்ணீர்ப் பானைக்கு ஓரத்தில் மணி கோத்த பின்னல் மூடி போட்டபோது சொன்னார். ஆர்மோனியத்துக்குப் பாவாடை தைத்தபோது சொன்னார். சயன்ஸ் ரூமில் தொங்கிய எலும்புக்கூட்டுக்குக் கழுத்திலிருந்து கால்வரை அங்கி தைத்து மாட்டியபோதும் அதையேதான் சொன்னார். எலும்புக்கூட்டின்மேல் யார் கை வைக்கப் போகிறார்கள் என்று நான் கேட்டேன். அவர் பல்லால் நூலைக் கடித்தார்.

ஒரு தடவை பள்ளிக்கூடத்து மணிக்கே உறை போட்டுவிட்டார். மழைச் சாரலில் துரு ஏறுகிறது என்று காரணம். அன்றைக்குப் பியூன் அதைக் கவனிக்காமல் ஓங்கி அடிக்க, மணி தொப்பென்று தலையணை மாதிரிச் சத்தம் போட்டது. வகுப்பு முடிந்தது யாருக்கும் தெரியவில்லை. நான் ஆப்பிரிக்காவை முடித்துவிட்டுத் திரும்பவும் ஆப்பிரிக்காவையே ஆரம்பித்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் வந்து கத்தின கத்தலில் டீச்சர் உறையைக் கழற்றினார். கழற்றி, மடித்து, அந்த உறையை இன்னொரு சின்னப் பைக்குள் போட்டுப் பையின் வாயையும் நாடாவால் கட்டினார்.

அவர் நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஒல்லியாக, உயரமாக இருப்பார். வெள்ளைப் புடவை, கழுத்துவரை ஏறிய ரவிக்கை. தோள்பட்டையில் எப்போதும் ஓர் ஊசி குத்தியிருக்கும்; அதில் ஒரு முழ நூல் தொங்கும். வெயிலோ மழையோ கையில் ஆண்பிள்ளைகள் பிடிக்கிற கறுப்புக் குடை. கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா, ஆகி என்ன ஆயிற்று என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்டால், "அதையெல்லாம் கேட்டு என்ன பிள்ளே செய்யப்போற?" என்று குடையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்குப் பிறவியிலேயே சந்தேகம் ஜாஸ்தி. மூடி வைத்த பாத்திரத்தைக் கண்டால் திறந்து பார்க்காமல் என்னால் நகர முடியாது. ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு யார் வந்து போனாலும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். அப்படிப்பட்ட எனக்குப் பக்கத்து அறையில், காண்கிறதையெல்லாம் மூடிக்கொண்டு ஒரு மனுஷி இருந்தால் எப்படி இருக்கும்? இவர் எதையோ ஒளிக்கிறார் என்று முடிவே பண்ணிவிட்டேன். அவர் இல்லாத நேரத்தில் தையல் அறைக்குப் போய் ஒவ்வொரு உறையாகத் தூக்கிப் பார்ப்பேன். உள்ளே தையல் மிஷின் இருக்கும். கத்தரிக்கோல் இருக்கும். துண்டுத் துணி இருக்கும். ஒளிக்க வேண்டிய சாமான் ஒன்றுகூட அகப்படாது. அது என் சந்தேகத்தை இன்னும் வளர்த்தது.

டீச்சர் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன வாடகை வீட்டில் தனியாக இருந்தார். ஒரு கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டார் என்று போனேன். சுவரில் ஆளுயரத்தில் ஒரு சட்டம் தொங்கியது. அதற்கு முன்னால் குட்டித் திரை. கண்டிப்பாக வெள்ளைக்காரன் படம்தான், ராஜாவோ ராணியோ, சுதந்திரம் வந்த பிறகு வெளியே காட்ட வெட்கப்பட்டு மூடி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் அடுக்களைக்குப் போனதும் திரையை விலக்கினேன். என் மூஞ்சியே என்னைப் பார்த்தது. முகம் பார்க்கும் கண்ணாடி.

"பாக்கணும்னா வெலக்கிப் பாத்துக்கலாமில்லா," என்று பின்னாலிருந்து சிரித்தார். கையில் கேக்குத் தட்டு. அதன்மேலும் ஒரு மூடி.

சிலை விஷயம் நடந்தது அதற்கடுத்த வருஷம்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் மூன்று ரோடு கூடுகிற இடத்தில் ஒரு துரை சிலை நின்றது. ஊரில் எல்லோரும் சாயிப்பு முக்கு என்பார்கள். கறுத்த உலோகத்தில் நீளக் கோட்டுப் போட்ட சாயிப்பு, நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு கல் பீடத்தின்மேல் நின்றுகொண்டு கிழக்கே பார்த்துக்கொண்டிருப்பார். தலையில் காக்காய் உட்கார்ந்திருக்கும். பீடத்தின் முன்பக்கம் ஏதோ உருவம் வார்த்த ஒரு பலகை பதித்திருந்தது. பக்கத்திலேயே வெற்றிலைக் கடை. வெற்றிலை போடுகிறவர்கள் விரலில் ஒட்டிய மிச்சச் சுண்ணாம்பை எதிலாவது தேய்ப்பார்கள் அல்லவா? கடைச் சுவரில் தேய்த்தால் கடைக்காரன் திட்டுவான். ஆகையால் எல்லோரும் அந்தப் பலகையில் தேய்த்தார்கள். சுண்ணாம்பு அப்பி அப்பி அதில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. நானும் அந்த வழியாகத்தான் தினம் போனேன். ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

திருவிதாங்கூரையும் கொச்சியையும் ஒன்றாகச் சேர்த்து, மந்திரிசபைகள் வருவதும் கவிழ்வதுமாக இருந்த காலம் அது. என் ஆத்துக்காரர் நகரசபையில் குமாஸ்தா. "இன்னிக்கு யார் மந்திரின்னு பேப்பரைப் பாத்துட்டுன்னா ஆபீசுக்குப் போக வேண்டியிருக்கு," என்பார். யாருக்கும் யார்மேலும் நம்பிக்கை கிடையாது. இவன் அந்தக் கட்சியோ, அவன் போலீஸுக்கு ஆளோ என்று டீக்கடையில்கூடக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

அப்படிப்பட்ட நாளில் ஒரு திங்கட்கிழமை, பரீட்சை லீவு முடிந்து பள்ளிக்கூடம் போகிறேன். சாயிப்பு முக்கில் கூட்டம். எட்டிப் பார்த்தால் சாயிப்பைக் காணவில்லை. தலை முதல் பீடத்தின் அடிவரை காடாத் துணியால் மூடி, கயிறு கட்டியிருந்தது. திறப்பு விழாவுக்குக் காத்திருக்கிற புதுச் சிலையை எப்படி மூடி வைப்பார்களோ, அச்சு அசல் அப்படி.

பழைய சிலைக்கு எதற்குத் திறப்பு விழா? எனக்கு வந்த கேள்வி இது. ஊரில் வேறு யாருக்கும் இந்தக் கேள்வி வரவில்லை. துணி போட்டு மூடியிருந்தால் மந்திரி வருவார், வந்து கயிற்றை இழுப்பார், அதுவரை தொடக்கூடாது என்பதுதான் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த நியாயம். ஆகவே, உள்ளே யார் என்பது ஒன்றுதான் பேச்சு. சாயிப்பை எடுத்துவிட்டு மகாத்மாவை வைத்துவிட்டார்கள் என்றார் ஒருவர். இல்லை, மகாராஜா என்றார் இன்னொருவர். ஒரு கட்சிக்காரர்கள் தங்கள் தலைவர்தான் என்று மாலை கொண்டுவந்து போட்டார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் அந்த மாலையை எடுத்துவிட்டுத் தங்கள் மாலையைப் போட்டார்கள். ஒரு கிழவர் தினமும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனார். யாருக்குக் கும்பிட்டார் என்பது அவருக்கே வெளிச்சம்.

அதைவிட வேடிக்கை, முன்னே அங்கே நின்ற சாயிப்பின் பெயர் என்ன என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. அவர் எதற்காக நின்றார் என்றும் தெரியவில்லை. பாலம் கட்டினவர் என்றார்கள். ரோடு போட்டவர் என்றார்கள். இத்தனை வருஷம் கண்முன் நின்றவரை ஒரு முழத்துணி போட்டு மூடின பிறகுதான், இவர் யார் என்று ஊர் கேட்கத் தொடங்கியது.

நகரசபையில் இது தலைவலி ஆயிற்று. தாங்கள் மூடவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். யார் மூடினார்கள் என்று தெரியாது. மராமத்து இலாகாவைக் கேட்டால், உங்கள் சிலைதானே என்றார்கள். அரண்மனைப் பக்கம் கேட்கப் பயம். மந்திரி ஆபீசில் கேட்கலாம் என்றால், 'உங்களுக்குத் தெரியாமல் எப்படி நடந்தது?' என்று திருப்பிக் கேட்டால் என்ன பண்ணுவது? கழற்றலாம் என்று ஒரு அதிகாரி சொன்னாராம். கழற்று என்று கையெழுத்துப் போடச் சொன்னதும் பேனாவை மூடிவிட்டாராம்.

கடைசியில் விசாரித்துப் பெயரைக் கொண்டுவரும் பொறுப்பு என் ஆத்துக்காரர் தலையில் விழுந்தது. வரவேண்டிய ஹெட் கிளார்க் உத்தியோகம் இதில் மாட்டிக்கொண்டது.

"வெத்தலைக் கடைக்காரனைக் கேட்டேளா?" என்றேன். "அவன் கண்ணெதிர்லதானே எல்லாம் நடந்திருக்கும்?"

"கேட்டேண்டி. என்ன சொல்றான் தெரியுமோ? 'நட்ட நடுப்பகல்ல ஒரு ஆபீசரம்மா வந்நு சாரே, குடையும் பிடிச்சுண்டு. ஏணியும் பணிக்காரனும் உண்டாயிருந்து. ஞான் ஸ்டூல் குடுத்து'ங்கறான். நேக்குத் தெரிஞ்சு இந்த ஊர்ல அப்பிடி ஒரு ஆபீசரம்மா கிடையாதாக்கும்."

"பட்டப் பகல்லயா? போலீஸ்காரன் ஒருத்தன் அங்கேயே நிப்பானே?"

"அவனைக் கேட்டா, அன்னிக்கு எனக்கு ட்யூட்டி இல்லேன்னு சத்தியம் பண்றான். கடைக்காரனோ, ஏணியைப் பிடிச்சுண்டதே அவன்தான்ங்கறான்."

குடை என்றதும் எனக்குத் தையல் டீச்சரின் ஞாபகம் வந்தது. மறுநாள் காலையில் பத்து நிமிஷம் முன்னதாகவே கிளம்பி, மழைக்கு ஒதுங்குகிறவள் மாதிரிச் சிலையோடு ஒட்டி நின்றேன். துணியின் ஓரத்தைப் பார்த்தேன். மடித்து அடித்த தையல். ஒரு சாண் தூரத்துக்கு ஒரு சின்னப் பெருக்கல் குறி. ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் மீதி பிரியாமல் இருக்க அந்தக் குறி. என் பூமியின் சட்டையிலும் அதே குறி உண்டு.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சாயிப்பின் மேல் துணி சாக்கு மாதிரிச் சும்மா தொங்கியது. அவர் தோள் எங்கே, கை எங்கே என்று ஒரு அளவும் பார்க்கவில்லை. பீடத்துக்கு வந்தால் கதையே வேறு. நாலு பக்கமும் அளவெடுத்து, முன்பக்கத்துக்கு உள்ளே இன்னொரு துணி வைத்து, ரவிக்கை மாதிரி இறுக்கமாகத் தைத்து, பின்னால் நாடா கட்டியிருந்தது. ஏன் இப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

ஆனால் சந்தேகத்துக்கு அது போதாதா? அடுத்து வந்த நாட்களில் நான் அவரை விட்ட பாடில்லை. முதலில் நினைத்தேன், இவர் சாயிப்பின் பக்தை. அந்த வருஷம் காலேஜ் பையன்கள் வெள்ளைக்காரன் சிலையை உடைக்கப் போகிறோம் என்று கூட்டம் போட்டிருந்தார்கள். அவர்களிடமிருந்து காப்பாற்றத் துணி போட்டுவிட்டார். பிறகு நினைத்தேன், இல்லை, இவர் அந்தப் பையன்களோடு சேர்ந்தவர். சாயிப்பைப் பிணம் மாதிரிக் கட்டி வைத்து ஊருக்கு ஏதோ சேதி சொல்கிறார். இரண்டும் பொருந்தியது, இரண்டும் பொருந்தவில்லை. சாப்பாட்டு வேளையில் மெல்லத் தூண்டில் போடுவேன்.

"சாயிப்பு முக்குல பாத்தேளா டீச்சர், என்ன அமர்க்களம்!"

"பாத்தேன்."

"யாரா இருக்கும்?"

"யாரா இருந்தா என்ன? மூடித்தானே வெச்சிருக்கு. ஒண்ணும் ஒடைக்கலியே."

ஊசியை என் பக்கம் நீட்டி, "கண்ணு தெரியல்ல, இதுல நூல் கோத்துத் தா," என்பார். அதோடு பேச்சு முடியும்.

இதற்கிடையில் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் எங்களையெல்லாம் கூப்பிட்டு, அரசியலில் தலையிடுகிற டீச்சர் யாராயிருந்தாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று எச்சரித்தார். என் ஆத்துக்காரருக்கோ ஆபீசில் நெருக்கடி. "பெயர் கிடைச்சுதா?" என்று அதிகாரி தினம் கேட்கிறாராம். பெயர் என் வாய்க்குள் இருந்தது. வெளியே விட்டால் ஆத்துக்காரருக்கு உத்தியோகம் உயரும். டீச்சருக்குச் சோறு போகும், போலீஸும் வரும். விடாவிட்டால் எங்கள் வீட்டில் நஷ்டம். ஆனால் காரணம் தெரியாமல் ஒருவரைக் காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை, காப்பாற்றவும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச் முடிந்து திரும்புகிற நேரம் பார்த்து வீட்டுக்கே போனேன்.

"டீச்சர், அந்தப் பெருக்கல் குறியை நான் பாத்துட்டேன்," என்றேன்.

அவர் பதறவில்லை. நாற்காலிமேல் போட்டிருந்த துணியை எடுத்து மடித்தார். "இரி," என்றார்.

"ஏன் பண்ணினேள்? அந்தச் சாயிப்புமேல பிரியமா, கோபமா?"

"சாயிப்பா?" உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "நான் சாயிப்பையா மூடினேன்? நான் அவளையில்லா மூடினேன்!"

எனக்குப் புரியவில்லை. எவளை?

"அந்தப் பலகையில இருக்காளே. நீ பாத்ததே இல்லியா? தெனம் அந்த வழியாத்தானே வாற."

அவர்தான் சொன்னார். பலகையில் சாயிப்பு நிமிர்ந்து நின்று ஒரு மடித்த சீலையை நீட்டுகிறார். அவர் காலடியில் ஒருத்தி முழங்கால் போட்டு, இரண்டு கையும் ஏந்தி, அண்ணாந்து பார்க்கிறாள். இடுப்புக்கு மேலே அவளுக்குத் துணி இல்லை. துணியில்லாதவர்களுக்குத் துணி தந்த துரை என்று கீழே இங்கிலீஷில் எழுதியிருக்கிறதாம்.

"தெக்கே எங்க சனத்துப் பொம்பளைய மாருக்கு மேல சீலை போடக்கூடாதுன்னு ஒரு காலம் இருந்தது, கேட்டியா? எங்க குடும்பத்துல முந்தி ஒருத்தி போட்டா. சந்தையில வெச்சுக் கிழிச்சாவ. வீட்டுக்கு வந்து தைச்சு மறுபடியும் போட்டுக்கிட்டுப் போனா. அதையும் கிழிச்சாவ. பின்னயும் தைச்சா. எங்க வீட்டுல தையல் வந்ததே அப்படித்தான். கடைசியில தொரை ஒரு உத்தரவு போட்டான், அது உள்ளதுதான். நான் இல்லேன்னு சொல்லல்ல. ஆனா அவ முட்டு போட்டு வாங்கல்ல பிள்ளே. அடி வாங்கிக்கிட்டு நிண்ணு உடுத்தவ. அவளப் புடிச்சு முட்டு போட வெச்சு, இருந்த துணியையும் உருவிட்டு, நடு ரோட்டுல வெச்சிருக்கான்."

கிழித்தவர்கள் யார் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அது சாயிப்பு இல்லை, உள்ளூர் மேல்ஜாதிக்காரர்கள்தான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"சுண்ணாம்பு தேக்குறானுவளே," என்றார். "எங்க தேக்குறான்னு பாத்திருக்கியா? அவ நெஞ்சுல. தேச்சுட்டு ஒருத்தன ஒருத்தன் பாத்துச் சிரிப்பான். புளி போட்டுக் கழுவினேன். மறுநாளும் தேச்சான். ஒரு துண்டுச் சீலை தைச்சு அவளுக்கு மட்டும் கட்டிப் பாத்தேன். சாயங்காலம் வாறேன், கிழிச்சுப் போட்டு அதுல கை தொடச்சிட்டுப் போயிருக்கானுவ."

பிறகு, வகுப்பில் பாவாடைக்கு அளவு சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"பொம்பளைக்கு மட்டும் துணி போட்டா கிழிப்பாவ. தொரையையும் சேத்து மூடினா, மந்திரி வாறாருன்னு பயந்து ஒருத்தனும் தொடமாட்டான். அதுதான் செய்தேன். இதுல அரசியலு ஒண்ணும் இல்ல."

இதில் இல்லாத அரசியலா என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு எத்தனை உறையைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன்! தூக்கிப் பார்க்க வேண்டிய ஒன்று, சுண்ணாம்புக்குக் கீழே, தினம் என் இடுப்பு உயரத்தில் இருந்திருக்கிறது.

"நீ போயி வீட்டுக்காரர்ட்ட சொல்லணும்னா சொல்லு. நான் உன்ன வேண்டாம்னு சொல்லல்ல," என்றார் வாசலில்.

வீட்டுக்கு வந்தேன். ஆத்துக்காரர் மோரும் சாதமும் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஏன்னா, அந்தச் சிலை விஷயத்துல ரொம்பக் கிண்டாதேங்கோ," என்றேன். "மேலேருந்து வந்ததுன்னு ஸ்கூல்ல பேசிக்கறா."

பிசைந்த கை நின்றது. "எவ்வளவு மேலேருந்து?"

"அதைக் கேக்கப்படாதுங்கறா."

இதற்குமேல் நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. என் ஆத்துக்காரர் அதை அதிகாரியின் காதில் போட்டார். அதிகாரி இன்னும் பெரிய அதிகாரியின் காதில் போட்டார். ஒவ்வொரு காதிலும் அது கொஞ்சம் பெருத்தது. அந்த வாரமே சிலைக்குப் போலீஸ் காவல் போட்டுவிட்டார்கள். துணியின் பக்கம் விரலில் சுண்ணாம்போடு எவன் வந்தாலும் லத்தியை ஓங்கி விரட்டினான் போலீஸ்காரன். சாயிப்பின் காலடியில் முழங்கால் போட்டிருந்தவளுக்கு, சர்க்கார் சம்பளத்தில் பாதுகாப்பு.

ஜூன் மாசத்து எடவப்பாதி மழையில் துணி ஒரு பக்கம் கிழிந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன். கொட்டுகிற மழையில், நடுரோட்டில், டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்து அதைத் தைத்துக்கொண்டிருக்கிறார். அதே போலீஸ்காரன் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறான். "அம்மா, நூல் போதுமோ? வாங்கிச்சுண்டு வரணோ?" என்று கேட்கிறான். டீச்சர் என்னைப் பார்த்தார். தெரிந்தவர் மாதிரிக் காட்டிக்கொள்ளவே இல்லை. எனக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாமல் வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டேன்.

மந்திரிசபை இரண்டு தடவை மாறியது. கயிற்றை இழுக்க யாரும் வரவில்லை. அவர் திறப்பார் என்று இவரும், இவர் திறப்பார் என்று அவரும் காத்திருந்தார்கள். துணி கறுத்து, பாசி பிடித்து, அதுவே ஒரு சிலையாகிவிட்டது. புதுத் துணி தைக்க டீச்சர் அளவெடுத்துக்கொண்டிருந்த சமயத்தில், ரோட்டை அகலப்படுத்த வேண்டும், சிலையைப் பெயர்த்துக் கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டும் என்று உத்தரவு வந்தது. என் ஆத்துக்காரர் அதற்குள் எப்படியோ ஹெட் கிளார்க் ஆகியிருந்தார். நின்று பார்த்து எடுப்பிக்க வேண்டியது அவர்தான்.

அன்றைக்குப் பளீரென்று வெயில். ஊரே கூடிவிட்டது, கடைசியில் உள்ளே யார் என்று தெரியப் போகிறதே! பணிக்காரர்கள் கயிற்றை அறுத்துத் துணியை மேலிருந்து உருவினார்கள். கோட்டுப் போட்ட அதே பழைய சாயிப்பு, கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அய்யே, இந்தச் சாயிப்பா!" என்று ஒருவன் கத்தினான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாலை போட்ட கட்சிக்காரர்கள் நைசாக நழுவினார்கள். தினம் கும்பிட்ட கிழவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். பணிக்காரன் ஒருவன் குனிந்து பீடத்துத் துணியில் கத்தியை வைத்தான்.

அப்போதுதான் டீச்சர் கூட்டத்திலிருந்து வெளியே வந்தார். நேரே பீடத்துக்கு முன்னால் போய், குடையை விரித்து, பலகையை மறைத்துப் பிடித்துக்கொண்டு ஊரைப் பார்த்து நின்றார். பின்னால் துணி கிழிகிற சத்தம் கேட்டது. அவர் குடையை இன்னும் தாழ்த்திப் பிடித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. என் குடையையும் விரித்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"மழை இல்லல்லோ டீச்சர்மாரே!" என்று யாரோ ஒருவன் கேலி பண்ணினான்.

ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் ஆத்துக்காரர் பார்த்தார். முதலில் என்னைப் பார்த்தார். பிறகு டீச்சரை. பிறகு அந்தக் கறுப்புக் குடையை. எத்தனையோ மாசத்துக்கு முன்னால் அவர் தேடி அலைந்த குடை. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

பலகையைக் கடப்பாரையால் நெம்பிப் பெயர்த்தார்கள். வண்டியில் அதை மல்லாக்கப் போடப் போனார்கள்.

"கவுத்தி வை மக்கா," என்றார் டீச்சர்.

"எந்தினா அம்மா? ஏதாயாலும் பழைய இரும்பு அல்லே," என்றான் பணிக்காரன்.

என் ஆத்துக்காரர் ரோட்டைத் தாண்டி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. "டீச்சர் பறஞ்சது போல கவுத்தி வை," என்றார். "துணியையும் மேலே போடு." சொல்லிவிட்டு மறுபடியும் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

வண்டி போயிற்று. சாயிப்பு வேறொரு வண்டியில், காலை நீட்டிக்கொண்டு, திறந்த மேனியாகப் போனார். அவருக்குத் துணி போட யாரும் நினைக்கவில்லை. பீடம் இருந்த இடத்தில் செம்மண் குழி ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. குழந்தைகள் நடமாடுகிற இடம். நான் பழக்கத்தில், "இதுக்கு மேல ஒரு பலகையாவது போட்டு மூட வேண்டாமா டீச்சர்?" என்றேன்.

உலக உருண்டைக்கும், எலும்புக்கூட்டுக்கும், பள்ளிக்கூட மணிக்கும் உறை போட்ட மனுஷி குடையை மடக்கினார். குழியை எட்டிப் பார்த்தார்.

"வேண்டாம் பிள்ளே. இது தொறந்து கெடக்கட்டு. இங்க என்ன இருந்தது, யாரு எடுத்தாவ, எதுக்கு எடுத்தாவன்னு நாலு பேரு கேக்கட்டு."

கேட்கத்தான் செய்தார்கள். ரோடு வேலை எப்போதோ முடிந்த பிறகும் அந்தக் குழி அப்படியே கிடந்தது. சுற்றி ஒரு கயிறு கட்டியிருந்தார்களே தவிர, மூடவில்லை. நகரசபையின் வழக்கமான சோம்பல் என்று எல்லோரும் திட்டினார்கள். ஹெட் கிளார்க்கை நான் பல தடவை கேட்டுப் பார்த்தேன். "மேலேருந்து உத்தரவு வரணும்," என்பார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். எவ்வளவு மேலேயிருந்து என்று கேட்டால், அதைக் கேட்கப்படாது என்பார். எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.